ஒரு புகார்கூட இல்லை

"ஒரு மாசமா ஒரு புகார்கூட இல்ல. இனிமே பட்டன் அக்கா எதுக்கு?" என்றார் முதலாளி.

எதிரே இருந்த மென்பொருள் குழுத்தலைவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

இணையத்தில் செருப்பு விற்கும் நிறுவனம் அது. தளத்தில் எந்தப் பக்கம் புதிதாக வந்தாலும், வாடிக்கையாளர் கண்ணில் படுவதற்குமுன் எல்லாப் பட்டனையும் அழுத்திப் பார்ப்பது அக்காவின் வேலை. கால் அளவு கேட்கும் இடத்தில் 'வீங்கியிருக்கு' என்று எழுதுவார், தளம் படுத்துவிடும். யார் இப்படியெல்லாம் எழுதப் போகிறார்கள் என்று நிரல் எழுதிய இளசுகள் அலுத்துக்கொண்டால், "காசு குடுக்கிறவங்க எழுதுவாங்கப்பா" என்பார்.

போன மாதம்தான் தலைவர் அந்தப் புது மென்பொருளைக் கொண்டுவந்தார். நிரலை எழுதும்போதே தப்புக்குக் கீழே சிவப்புக் கோடு போடும். சிவப்பு போகும்வரை பக்கத்தை வெளியே விடாது. கல்லைப் பல்லால் கண்டுபிடிப்பதைவிட அரிசியிலேயே பொறுக்கிவிடலாம் என்று கூட்டத்தில் விளக்கினார். திரை முழுக்கப் பச்சை. கைதட்டல் கேட்டதும் வாய் சும்மா இருக்குமா? இனி யாரும் பட்டனைத் தொட்டே பார்க்க வேண்டாம் என்றும் சேர்த்து அளந்துவிட்டார். மறுநாளே அக்காவைப் பெட்டிகளில் முகவரி ஒட்ட அனுப்பிவிட்டார் முதலாளி.

இப்போது அதற்கும் ஆபத்து. அக்கா சம்பளத்தில்தான் அந்த வீடே ஓடுகிறது என்று தலைவர் கெஞ்சிப் பார்த்தார். மென்பொருளை முழுசாக நம்ப முடியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது மட்டும் வாயில் வரவில்லை.

அக்காவைக் கூப்பிட்டுச் செய்தியைச் சொன்னார்கள்.

"சரி சார்" என்றார் அக்கா.

சங்கடத்தை மறைக்க முதலாளி கைப்பேசியை எடுத்தார். "இவ்வளவு நல்லா ஓடுது, பாராட்டத்தான் ஒருத்தரும் இல்ல. நானே வாடிக்கையாளர் மாதிரி நாலு வரி எழுதறேன்."

'புகார்களும் கருத்துகளும்' பக்கத்தில் தன்னைத் தானே புகழ்ந்து எழுதி, 'அனுப்பு' என்பதைத் தொட்டார். ஒன்றும் நடக்கவில்லை. கட்டைவிரலால் அழுத்தினார். நகத்தாலும் குத்திப் பார்த்தார்.

"என்னய்யா இது, போகவே மாட்டேங்குது?"

தலைவர் கூரையைப் பார்த்தார். மென்பொருள் முதல் நாளே சிவப்புக் கோடு போட்டது அந்த ஒரு பக்கத்துக்குத்தான். கூட்டத்துக்கு நேரமாகிவிட்டதே என்று, 'இதை மட்டும் பார்க்காதே' என்று அதன் வாயை அடைத்தவர் அவரேதான்.