விறகில் வந்த வண்டு

"நெசமாவே என் விறகுலதான் வந்துச்சா, தாயி?"

அமாவாசை கேட்டபோது சுஜாதா செருப்பில் ஒட்டிய சேற்றைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தாள். போடிமெட்டுக்கு மேலே, அவர் நடத்தும் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் வாசல் அது. உள்ளே அடுப்பு அணைந்து இரண்டு மாதம் ஆகிறது.

ஆறு மாதமாகத் தோட்டங்களில் நிழல் மரங்கள் பட்டுப்போகின்றன. அரிசி அளவுகூட இல்லாத ஒரு வண்டு, பட்டையைத் துளைத்து உள்ளே பூஞ்சை நோயை இறக்கிவிடுகிறது. நிழல் போனால் ஏலச்செடி என்னத்துக்கு ஆகும்? மதுரையிலிருந்து ஆராய்ச்சிக்கு வரும் சுஜாதாதான் போன கூட்டத்தில், "கீழேருந்து வர்ற விறகுல வந்திருக்குமோ?" என்று சந்தேகமாகச் சொன்னாள். சந்தேகம் போதாதா மனுசருக்கு? அடுப்புக்குக் கீழே சிலமலையிலிருந்து மாமர விறகு ஏற்றி வருவது அமாவாசை ஒருவர்தான். அன்றிலிருந்து அவர் ஸ்டோருக்கு ஒருவரும் பச்சைக்காய் கொண்டு வரவில்லை.

"டீக்கடைக்குப் போனா, பேசிக்கிட்டு இருந்தவுக வாய மூடிக்கிறாக. எம்மக ஜீப்புல ஏறுனா 'வண்டு வீட்டுப் பிள்ள'ன்னு சிரிக்கிறாகளாம். வெக்கமா இருக்கு தாயி."

"அண்ணே..."

"உங்களக் குத்தஞ் சொல்லல. இந்த வண்டு நம்ம மலைலயும் இருக்கான்னு பாக்க, வண்ட இழுக்குற கட்டைய மரத்துல கட்டணும்னு போன வருசம் வந்தீகளே, அப்ப சோலிய விட்டுட்டு மரம் மரமா ஏறுனது நாந்தான? எனக்கே இப்பிடி ஆகிப்போச்சே." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆமா, மரத்தையே சாய்க்கிற நோயி, அதச் சொமக்கிற வண்ட மட்டும் ஏன் ஒண்ணுஞ் செய்ய மாட்டேங்குது?"

"அது உடம்புல எதிர்ப்புச் சக்தி இருக்குண்ணே. அதுக்குன்னே மரபணு இருக்கு. எடத்துக்கு எடம் கொஞ்சம் மாறும். அத வச்சு எந்தப் பக்கத்து வண்டுன்னு சொல்லிறலாம்."

"உங்களுக்குத் தெரிஞ்சு போச்சா?"

சுஜாதா கைப்பையை இறுக்கிப் பிடித்தாள். "கூட்டத்துல சொல்றேன்ணே."

அவர் முகம் தொங்கிவிட்டது.

விவசாயிகள் சங்கத் தலைவர் தவசியின் தோட்டத்துக் களத்தில் கூட்டம். முப்பது பேர் இருந்தார்கள். தவசி வாய் திறக்கும் முன்பே அமாவாசை எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்.

"தெரியாமச் செஞ்சுட்டேன். எல்லாரும் மன்னிக்கணும். இனிமே நான் ஸ்டோரு நடத்தல." கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஒன்னைய மன்னிச்சா பட்ட மரம் தளுத்துருமாப்பா?" என்றார் தவசி. நாலைந்து பேர் சிரித்தார்கள்.

சுஜாதா எழுந்தாள். ஓடிப்போய் ஜீப்பில் ஏறிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கும் சேர்த்து வெட்கப்பட்டாள்.

"துண்ட எடுத்துத் தோள்ல போடுங்கண்ணே," என்றாள். "இவுக விறகுல இருந்தது வேற வண்டு. மரத்துல இருக்கிற வண்டோட மரபணு அதுல இல்ல."



"அப்ப இது எந்த ஊரு வண்டு?" என்றார் தவசி.

சுஜாதாவால் அமாவாசையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"மதுரைல நான் வளக்குற வண்டு. அது குடியிருந்த கட்டைய, உள்ள இருக்கிறது சாக வெந்நீர்ல அவிச்சுத்தான் வெளிய எடுக்கணும். பஸ்சுக்கு நேரமாச்சுன்னு அவிக்காமக் கொண்டாந்து, இந்த அண்ணன் கையாலயே மரம் மரமாக் கட்ட வச்சது நாந்தான்."