இரண்டு ஸ்க்ரூ

"கீழ்த்தாடையில நரம்பு எங்க ஓடுதுன்னு பாக்காம ஸ்க்ரூ இறக்கிப் பல்லு வைக்க முடியாதும்மா. தோடு, செயின் எல்லாத்தையும் கழத்திட்டு ஸ்கேன் எடுங்க" என்றார் ராஜபாளையம் பல் டாக்டர்.

பரிபூரணம் உள்ளே போனாள். அவளுடைய நகைகளைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வெளியே காத்திருந்தார் கணவர் வைகுண்டராஜ்.

படம் வந்ததும் இருவரையும் அறைக்குள் கூப்பிட்ட டாக்டர் திகைத்தார். "பல்லு போன இடத்துல ஏற்கெனவே ரெண்டு ஸ்க்ரூ இருக்கே! யாரு வச்சது?"

பரிபூரணம் பேசவே இல்லை. வைகுண்டராஜுக்குச் சுருக்கென்றது.

"ஏட்டி, எனக்குத் தெரியாம நம்மூரு ஸ்ரீவில்லிபுத்தூர்ல எந்த டாக்டர்ட்ட போன? வாயைத் தொறந்து சொல்லு!"

அவள் வாயைத் திறந்து உள்ளங்கையில் துப்பினாள். தோட்டின் திருகாணிகள் இரண்டும் விழுந்தன.

"நாந்தான் வச்சேன், டாக்டர். போன தடவை இவியகிட்டக் குடுத்துத்தான் தொலைஞ்சுது!"