தேயாத மூட்டு

"இந்தக் கடையில ஒருத்தன் உடம்பு வளையாமச் சம்பளம் வாங்குதான். பேரு சொல்ல மாட்டேன்" என்றார் சுயம்புலிங்கம், கல்லாவில் இருந்தபடியே.

சொல்லத் தேவையில்லை. வேட்டிக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு முருகையன் அப்போதுதான் மாடிப்படி இறங்கிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் ஊன்றி, நின்று, மறுபடி ஒரு படி. பாண்டி பஜார் கடை அது. சரக்கெல்லாம் மாடியில். இருபத்திரண்டு படி.

"முன்ன மாதிரி முடியல அண்ணாச்சி."

"இரும்பு மூட்டு வச்ச நானே நடக்கேன். ஒனக்கு என்னலே நோவு?"

முருகையன் கீழே வந்து கட்டை இறக்கி வைத்தான். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

மத்தியானம் அடையாறில் டாக்டர் கல்யாணராமனிடம் போக வேண்டும். வருஷா வருஷம் காட்டுவது. எக்ஸ்ரே கவரைத் தூக்கிக்கொண்டு வழக்கம்போல முருகையனும் டாக்ஸியில் ஏறினான்.

எழுபத்தொன்றாம் வருஷம் அந்தச் சீமை மூட்டைப் பொருத்தியபோது, எத்தனை வருஷம் உழைக்கும் என்று சுயம்புலிங்கம் ஜவுளி பேரம் பேசுவதுபோல் பேசினார். டாக்டர் அஞ்சு என்றார். இவர் பத்து கேட்டார். கடைசியில், படி ஏறாமல் இருந்தால் ஏழு என்று படிந்தது.

இன்று ஏழு முடிகிறது. டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகு நேரம் பார்த்தார்.

"அந்த வருஷம் நாலு பேருக்கு வெச்சேன். மூணு பேருக்கு ஆட்டம் கண்டுடுத்து. உங்களுது வெச்சது வெச்சபடி இருக்கு. படியே ஏறறதில்லையா?"

"ஏழு வருசமா ஒரு படி ஏறல டாக்டர். எல்லாம் இவன்தான். இப்பம் இவனுக்கும் சோம்பல் வந்துட்டு. அது கெடக்கட்டும், இன்னும் அஞ்சு வருசம் போட்டுச் சொல்லுங்க."

டாக்டர் முருகையனைப் பார்த்தார். உட்காரச் சொன்னார். முழங்காலில் கை வைத்து மெதுவாக மடக்கினார். மணல் அரைபடுவதுபோல் உள்ளங்கையில் நெறுநெறுத்தது. முருகையன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

"வயசு?"

"முப்பத்தெட்டு சார்."

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஏறுவே?"

"நாப்பது இருக்கும். தீபாவளின்னா கணக்கில்ல."

டாக்டர் களைத்துப்போனவர்போல் நாற்காலியில் சாய்ந்தார். பிறகு சீட்டில் என்னமோ எழுதி, சுயம்புலிங்கத்திடம் நீட்டினார்.

மேலே முருகையன் பெயர் இருந்தது. கீழே மருந்து ஒன்றுமில்லை. ஒரே வரி: மாடிச் சரக்கைக் கீழே இறக்கவும்.

"சீட்டு அவன் பேருக்குல்ல இருக்கு? எங்கிட்ட தாரீங்க?"

"உங்க மூட்டோட ஏழு வருஷத் தேய்மானம் அவன் கால்ல இருக்கு. நாளைக்கே இறக்குங்கோ."