பின்னிங் இல்லாத படம்

கேமராவின் நான்கு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து வானத்தைப் படமெடுக்கும் பின்னிங் முறை அவன் மனைவிக்கு ஆகவே ஆகாது. நட்சத்திரத்தின் நுணுக்கம் போய்விடும் என்பாள். அவள் இறந்த மறுவாரமே அவன் அதற்கு மாறினான். அன்றிலிருந்து, தினமும் எடுக்கும் நாற்பது படங்களில் கடைசி ஒன்று மட்டும் தானாகவே பின்னிங் இல்லாமல், நான்கு மடங்கு பெரிய கோப்பாக வந்தது.

விஷயம் கேள்விப்பட்ட மச்சினன் வந்து தொலைநோக்கியிலிருந்து கேமராவைக் கழற்றினான்.

"அக்கா பேச்சை உயிரோட இருக்கறப்பவே கேக்கல. இனிமேதான் கேட்டுக் கிழிக்கப் போறீங்களா, மாமா?"

"எடுத்துட்டுப் போ. எனக்கும் நிம்மதி."

மறுநாள் காலை, கேமரா இல்லாத கணினியில் புதிய கோப்பு ஒன்று இருந்தது. பின்னிங் இல்லை. வானமும் இல்லை. சற்றுமுன் அவன் மாட்டிக்கொண்ட சட்டையின் காலர்; அதற்கு மேலே அவன் பிடரியில் ஒவ்வொரு மயிரும் தனித்தனியாகத் தெரிந்தது.