திரும்பிப் பார்க்கக் கூடாது

வாடகை வீட்டுக் காவல்காரனிடம் இரவல் வாங்கிய அரிவாளைப் பால்வண்ணநாதன் இடுப்பில் செருகி, அதன் மேல் துண்டை இறுக்கிக் கட்டினார். முத்துவடிவு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முள்ளு வெட்டவா?" என்று மட்டும் கணவரைக் கேட்டாள்.

"தேவை இருக்கு."

ராயகிரியில் அந்தக் குடும்பத்து ஆண்கள் அதற்கு மேல் பதில் சொல்வதில்லை. பெண்கள் அதற்கு மேல் கேட்பதும் இல்லை.

குற்றாலத்தில் வாடகை வீடு பிடித்துத் தங்கியது சாரலில் நனைய என்றுதான் ஊரில் சொல்லியிருந்தார்கள். உண்மைக் காரணம் முத்துவடிவுக்கும் மகன் நம்பிராஜனுக்கும் மட்டுமே தெரியும். ஐந்தருவிக்கு மேலே ஒரு குகையில் வள்ளித்தாய் காத்திருப்பாள்.

செங்கோட்டைக்கு அப்பால் எஸ்டேட் லாரி ஓட்டும் வேற்றுச் சாதிக்காரனோடு போய்விட்ட மகள் அவள். உயிரோடு இருக்கிறவளின் பேருக்குப் போன ஆடியில் சாவுச் சடங்காக நீர்க்குடம் உடைத்து, ஊரறியத் தலைமுழுகியவர் பால்வண்ணநாதன்.

இப்போது அவளுக்கு ஏழாம் மாதம். முத்துவடிவின் கூடையில் மேலே அதிரசம், அடியில் துணியில் சுற்றிய கண்ணாடி வளையல். "கிரேக்கக் கதையில வர்ற மாதிரி ஒரு குகை இருக்கு, அம்மாவுக்குக் காட்டிட்டு வாரேன்" என்று காலேஜில் படிக்கும் நம்பிராஜன் ஒரு பொய் சொன்னான். "நானும் வாரேன்" என்று அப்பா கிளம்புவார் என்று யார் கண்டது?

கிளம்பும்போது அவர்தான் கூடையை வாங்கிப் பார்த்தார். "எண்ணெய்ப் பலகாரத்தை இப்படியா காட்டுக்குள்ள கொண்டு போவாக? காத்து கருப்பு பின்னாலயே வரும்." அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துக் கூடைக்குள் கையை விட்டு வைத்தார். வளையல் லேசாகக் கிலுங்கியது. அவர் முகம் மாறவில்லை.

அதன் பிறகுதான் காவல்காரனைக் கூப்பிட்டு அரிவாள் கேட்டார்.

மேகம் மலையை மூடியிருந்தது. பாதையெல்லாம் வழுக்கல். அப்பாவின் நடையைத் தாமதப்படுத்த நம்பிராஜன் பேச்சுக் கொடுத்தான்.

"கிரேக்க தேசத்துல ஒருத்தன் பெண்டாட்டி பாம்பு கடிச்சுச் செத்துப்போனா, அப்பா. அவன் ஒரு குகை வழியா எமலோகத்துக்கே போயி, பாட்டுப் பாடி எமன் மனசை இளக்கிட்டானாம்."

"எமனுக்குக் குலம் கோத்திரம்னு ஒண்ணு இருந்திருந்தா இளகியிருப்பானாலே?"

"கூட்டிக்கிட்டுப் போ, வெளிய போய்ச் சேருத வரைக்கும் திரும்பிப் பாக்காதன்னு எமன் சொல்லியிருக்கான். இவன் வாசல்கிட்ட வந்து திரும்பிட்டான். பின்னால வந்தவ மறைஞ்சு போனா."

"திரும்பினது அவன் தப்பு" என்றார் பால்வண்ணநாதன், நடையைக் குறைக்காமல். "குடம் உடைச்சவன் திரும்பிப் பாக்கலாமாலே?"

"அது வெள்ளைக்காரன் கதை, அப்பா."

"சாவு எல்லாருக்கும் ஒண்ணுதாம்லே."

முத்துவடிவு கூடையை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

குகை வாசலில் புதர் மண்டிக் கிடந்தது. உள்ளே இருட்டில் ஒரு மஞ்சள் சேலை அசைந்ததை மூவருமே பார்த்தார்கள்.

"ரெண்டு பேரும் இங்கனயே நில்லுங்க." அவர் இடுப்பிலிருந்து அரிவாளை உருவினார்.

முத்துவடிவு அவர் காலைக் கட்டிக்கொண்டாள். "என்னைய வெட்டிட்டுப் போங்க!"

"காலை விடுட்டி. சத்தம் போட்டு ஊரைக் கூட்டாத."

அவர் உள்ளே போனார். "அப்பா!" என்று உள்ளிருந்து ஓர் அலறல் கேட்டது. பிறகு அருவியின் இரைச்சல் மட்டும்தான்.

சற்று நேரத்தில் அவர் வாசலை நோக்கி வந்தார், தனியாக. கையில் அரிவாள் இல்லை. முதுகு வளையாமல், பின்னால் பாராமல், சுடுகாட்டிலிருந்து திரும்புகிறவரைப் போலவே நடந்து வந்தார்.

"பாவி மனுசா, எம் பிள்ளைய என்ன செஞ்சீரு?" முத்துவடிவு நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அந்தக் குடும்பத்தில் ஒரு பெண் குரல் உயர்த்தியது அன்றுதான் முதல் தடவை.

அவர் வாசலைத் தாண்ட ஓரடி இருக்கையில் நின்றார். குடம் உடைத்த மனிதர் மெல்லத் திரும்பி, இருட்டைப் பார்த்தார்.

"அரிவாளைக் கீழ வைக்காம வா தாயீ, பிள்ளத்தாச்சி இரும்பில்லாமக் காட்டுல நடக்கக் கூடாது!"