கச்சான் காற்று கொண்டுபோன அத்தியாயம்

வல்லாஹி, இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. எண்பத்திரண்டாம் ஆண்டு, வெள்ளிக்கிழமைக் காலை, எங்கள் பாலமுனைக் கடற்கரை. அமெரிக்க அடிமை முறையின் அரசியலைப் பத்து வருடமாக ஆராயும் வரலாற்றாசிரியர் உதுமாலெவ்வை இடுப்பளவு நீரில் நிற்கிறார். அவர் எழுதிய நூலில் அடிமைகள் விடுதலை பெறும் கடைசி அத்தியாயத்தை, கரையிலிருந்து கடலுக்கு வீசும் கச்சான் காற்று கடலில் போட்டுவிட்டது. வேறு பிரதி இல்லை. கரைவலை ஏறுகிறது. துள்ளும் நெத்தலிகளுக்கு நடுவே தாள்கள், மை கலையாமல், பக்க வரிசையில், வெயிலில் மினுங்குகின்றன. ஒரு நண்டு மட்டும் ஓர் அடிக்குறிப்பைக் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. “அது வெச்சிக்கட்டும், அதுல எனக்கும் சந்தேகந்தான்” என்று அழுதபடி சிரிக்கிறார். வலைக்காரர் மீராசாவின் ஈரக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். அண்ணனை அழைப்பதுபோல், “காக்கா, இனி நான் உங்கட அடிமை” என்கிறார். “வேணாம் சேர்! இப்பதானே எல்லாரையும் விட்டுட்டீங்க, திரும்பத் தொடங்கச் சொல்றீங்களா?” கரை முழுவதும் சிரிப்பும் அல்ஹம்துலில்லாஹ்வும்.

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் கரையில் எந்தக் காலத்திலும் எவரும் வலை போட்டதில்லை.