கண்டிப்பாகப் பார்க்க வேண்டிய படம்

“ஐம்பதுகள்ல வந்த ஜப்பான் படம்மா. கருப்பு வெள்ளைதான், ஆனா கண்டிப்பா பாரு!”

அந்த வாரம் மேனேஜரிடம் மாட்டியது டைப்பிஸ்ட். திங்களன்று டிவிடியைத் திருப்பிக் கொண்டுவந்தாள்.

“எப்படி? அசந்துட்டியா?”

“சார்... ஒரு சின்னப் பொண்ணு மேடையில ஆடிக்கிட்டே, கூட்டத்துல அப்பாவைத் தேடுது. அவர் கடைசிவரைக்கும் வரவே இல்ல...”

“அதாம்மா ஜப்பான்காரன்! அந்த இடத்துல நான் எத்தனை தடவை அழுதிருக்கேன் தெரியுமா?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“டப்பாவுக்குள்ள அந்தப் படமே இல்ல சார். உங்க பொண்ணோட ஸ்கூல் ஆண்டு விழாதான் இருந்துச்சு.”

மேனேஜர் டப்பாவைத் திறந்தார். இப்போது கல்லூரியில் படிக்கும் மகள், மூன்றாம் வகுப்பில் எழுதிய துண்டுச்சீட்டு உள்ளே இருந்தது.

‘அப்பா, நீங்க அடிக்கடி பார்க்குற படம்னு இதுல வச்சிருக்கேன். கண்டிப்பா பாருங்க.’